காதலிப்பவரின் நடுமூளை



முன்வரிசைகளில் பெற்றோர்கள் இருக்கிறீர்கள். பின்வரிசைகளில் கல்லூரிப் பிள்ளைகள். இந்தத் தலைப்புக்கு இப்படித்தான் கூட்டம் பிரிந்து உட்காரும் என்று எதிர்பார்த்தேன். முன்னால் இருப்பவர்களில் சிலர் "இதைத் தடுக்க மருந்து மாத்திரை ஏதாவது உண்டா" என்று கேட்க வந்திருக்கலாம். பின்னால் இருப்பவர்களில் சிலர் "எல்லாம் மூளை செய்கிற வேலை, எங்கள் மேல் தப்பில்லை" என்று வீட்டில் சொல்வதற்கு ஒரு சான்று தேடி வந்திருக்கலாம். இரண்டும் என்னிடம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் எழுந்து போக வேண்டியவர்கள் இப்போதே போய்விடலாம்.

யாரும் எழவில்லை. நல்லது.

காதலை நாம் மகிழ்ச்சி, துக்கம், கோபம், பயம் ஆகியவற்றின் வரிசையில் ஓர் உணர்ச்சியாக வைத்தே பேசிப் பழகிவிட்டோம். கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தத் துறையில் வெளிவரும் ஆய்வுகளைத் தொடர்ந்து படித்துவருகிறவன் என்ற முறையில் எனக்கு அந்த வரிசை தவறு என்று தோன்றுகிறது. காதலைப் பசி, தாகம் இவற்றின் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதுதான் இன்றைய பேச்சு.

லண்டனிலிருந்து தொடங்குவோம். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் செமிர் ஸெகி என்ற பேராசிரியர். பார்வையை ஆராய்ந்தவர், குரங்கின் மூளையில் நிறத்தை அறியும் பகுதி எது என்பதை 1970-களில் எடுத்துக்காட்டிப் பெயர் பெற்றவர். அவரும் ஆண்ட்ரியாஸ் பார்ட்டெல்ஸ் என்ற இளம் ஆய்வாளரும், உண்மையாகவும் ஆழமாகவும் பித்துப்பிடித்தும் காதலிப்பதாகச் சொல்லிக்கொள்பவர்கள் வேண்டும் என்று ஆள் தேடினார்கள். 17 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்: 11 பெண்கள், 6 ஆண்கள். ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துக் காதலரின் படத்தைக் காட்டினார்கள். இடையிடையே நண்பர்களின் படங்கள். அந்த நண்பர்களைத் தேர்ந்ததில்தான் ஆய்வின் நுட்பம் இருக்கிறது. காதலர் ஆண் என்றால் நண்பரும் ஆண்; காதலரை எவ்வளவு காலமாகத் தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவு காலமாகத் தெரிந்தவர். ஆகவே தெரிந்த முகம், பிடித்த முகம் என்பதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்க்கலாம்.

2000-ஆம் ஆண்டு வெளிவந்த அந்தக் கட்டுரையில் மிச்சம் நின்றவை சில சின்னப் பகுதிகள். பக்கவாட்டு மடிப்புக்குள் மறைந்திருக்கும் இன்சுலா, முன் சிங்குலேட் பட்டை, மூளையின் ஆழத்தில் இருக்கும் காடேட், புட்டாமென். பலரையும் வியக்கவைத்தது வேறொன்று. சில பகுதிகளில் செயல்பாடு குறைந்திருந்தது. அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா, நெற்றி மடலின் வலது முன்பகுதி, மற்றவர்களை எடைபோடும்போது இயங்குகிற மேல்புற, பக்கவாட்டுப் பகுதிகள். காதலுக்குக் கண்ணில்லை என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொன்னதற்கு லண்டனில் படம் எடுத்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அது கொஞ்சம் அவசரம். குறை காண்கிற வேலை அந்த நேரத்தில் தளர்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். படம் எடுத்தது விளக்கத்தை அல்ல, ரத்த ஓட்டத்தைத்தான்.

அடுத்தது நியூயார்க். ஹெலன் ஃபிஷர் மானிடவியலாளர், ஆர்தர் ஆரன் உளவியலாளர், லூசி பிரவுன் நரம்பியலாளர். இந்த மூவரும் குழுவாகச் சேர்ந்து 2005-இல் வெளியிட்ட ஆய்விலும் 17 பேர்தான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு. லண்டன் ஆட்களின் காதலுக்குச் சராசரியாக இரண்டு வயதுக்கு மேல் ஆகியிருந்தது. நியூயார்க் ஆட்கள் புதுக் காதலர்கள். காதலில் விழுந்து ஒரு மாதம் முதல் 17 மாதம் வரை, சராசரி ஏழு மாதம் சொச்சம். இவர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. காதலரின் படத்தை எடுத்த பிறகும் அந்த நினைப்பு போகாது. ஆகவே படங்களுக்கு இடையில் பெரிய எண் ஒன்றைக் கொடுத்து, அதிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். காதலை மனத்திலிருந்து கொஞ்ச நேரம் விரட்ட அறிவியல் கண்டுபிடித்த வழி கணக்குப் பாடம்.

இவர்களிடம் துலங்கியது இரண்டு இடங்கள். ஒன்று வலது காடேட்டின் பகுதி. மற்றொன்று நடுமூளையில் இருக்கிற ஒரு சின்ன இடம். வென்ட்ரல் டெக்மென்டல் ஏரியா என்று பெயர். சுருக்கமாக வி.டி.ஏ. இன்றைக்கு நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய பெயர் ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றில் நடுமூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரப்பவை சில லட்சங்கள் மட்டுமே. அவை இரண்டு அண்டை வீடுகளில் இருக்கின்றன. ஒரு வீட்டில் இருப்பவை அழிந்தால் பார்கின்சன் என்கிற நடுக்குவாதம் வருகிறது. பக்கத்து வீடுதான் வி.டி.ஏ. அதிலிருந்து கிளம்பும் இழைகள் நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ் என்ற இடத்துக்கும், காடேட்டுக்கும், நெற்றி மடலுக்கும் போய்ச் சேர்கின்றன.

அதே ஆய்வில் இன்னொரு சங்கதி. படத்தில் இருப்பவர் எவ்வளவு அழகு என்பதோடு ஒத்துப்போன செயல்பாடு வி.டி.ஏ.-வின் இடது பக்கம். காதலர் என்பதோடு ஒத்துப்போனது வலது பக்கம். பதினேழு பேரை வைத்துக்கொண்டு இதை ரொம்ப இழுக்கக் கூடாதுதான். ஆனாலும் அழகும் காதலும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ள மூளை சம்மதிக்கவில்லை என்பது கேட்க நன்றாக இருக்கிறது. கல்யாணத் தரகர்கள் கவனிக்க.

இந்த வி.டி.ஏ. என்ன செய்கிறது? இதைப் புரிந்துகொள்ள எலிகளிடம் போக வேண்டும். 1954-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செருகி, ஒரு நெம்புகோலை அழுத்தினால் அங்கே லேசான மின்சாரம் பாயும்படி செய்தார்கள். எலி அழுத்திக்கொண்டே இருந்தது. பின்னால் நடந்த இத்தகைய சோதனைகளில் எலிகள் மணிக்கு ஆயிரக்கணக்கான முறை அழுத்தின, சாப்பாட்டைக்கூட மறந்தன. 'இன்ப மையம் கண்டுபிடிக்கப்பட்டது' என்று உலகம் கொண்டாடியது. டோபமின் என்றால் இன்பம் என்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுவது அந்தக் கொண்டாட்டத்தின் மிச்சம்.

அது இன்பம் இல்லை என்று காட்டியவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உள்ள கென்ட் பெரிட்ஜ். எலியின் நாக்கில் இனிப்பு வைத்தால் அது உதட்டை நக்கிச் சுவைக்கும். பச்சைக் குழந்தையும் அதையே செய்யும். டோபமினை ஏறக்குறைய முழுவதும் இழந்த எலியின் வாயில் இனிப்பை வைத்தார். அதே சுவைப்பு, அதே நக்கல். ஆனால் எதிரில் தட்டு நிறையத் தீனி வைத்தால் அந்த எலி இரண்டடி நகர்ந்துபோய் எடுக்காது. ஊட்டாவிட்டால் பட்டினி கிடந்து செத்துப்போகும். அதற்குச் சுவை தெரியும். வேண்டும் என்ற உந்துதல் இல்லை. விரும்பி அனுபவிப்பது வேறு, வேண்டும் என்று தவிப்பது வேறு; டோபமின் தவிப்பின் வேதிப்பொருள்.

இதோடு வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளிடம் கண்டதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழச்சாறு எதிர்பாராமல் கிடைத்தால் டோபமின் அணுக்கள் துடிக்கின்றன. ஒரு சைகைக்குப் பிறகு சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின், சாறு வரும்போது துடிப்பதில்லை. சைகையைக் கண்டபோதே துடிக்கின்றன. சைகை வந்து சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்குகிறது. பின்வரிசைப் பிள்ளைகளே, உங்கள் செய்தி படிக்கப்பட்டு நீல டிக் விழுந்து, பதில் வராமல் இருக்கும் அந்த அரை மணி நேரத்தில் உங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஓரளவு விளக்கம் இதில் இருக்கிறது.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். புதுக் காதலில் முதன்மையாகத் துலங்குவது இந்தத் தவிப்பின் பாதை. உணர்ச்சி என்பது வரும், போகும். கோபத்துக்கு ஒரு முகம் உண்டு, பயத்துக்கு ஒரு முகம் உண்டு, அருவருப்புக்கும் உண்டு. காதலுக்கு எது முகம்? அதே காதல் காலையில் சிரிக்கவைக்கிறது, மதியம் சந்தேகப்படவைக்கிறது, இரவில் அழவைக்கிறது. பசித்தவன் சோறு கிடைத்தால் மகிழ்வான், கிடைக்காவிட்டால் எரிந்து விழுவான். பசி என்பது அந்த மகிழ்ச்சியும் அல்ல, எரிச்சலும் அல்ல, இரண்டுக்கும் அடியில் இருப்பது. ஃபிஷர் குழுவும் இந்த முடிவுக்கே வந்தது.

பரதம் கற்றவர்கள் இங்கே இருந்தால், சிருங்காரத்துக்கு முகம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அந்தச் சாத்திரமே 33 பாவங்களை வந்துபோகிறவை என்று தனியே வைத்துவிட்டு, ரதியை நிலைத்து நிற்கும் பாவங்களில் சேர்க்கிறது. இன்னொரு பக்கம் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் பாருங்கள். நகை, அழுகை, அச்சம், வெகுளி என்று மெய்ப்பாடுகள் எட்டு. அந்த எட்டில் காதல் என்று தனியாக ஒன்று கிடையாது. எட்டாவதான உவகைக்குரிய நான்கு காரணங்களில் ஒன்றாகப் புணர்வு வருகிறது. காதலர் உடம்பில் தோன்றும் குறிகளைத் தொல்காப்பியர் பின்னால் வேறாக எடுத்து அடுக்குகிறார். இதை வைத்துக்கொண்டு தொல்காப்பியர் மூளை ஸ்கேன் பார்த்தார் என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். மனிதர்களை நெருங்கிக் கவனித்தவர்கள் காதலை மற்ற உணர்ச்சிகளின் வரிசையில் அப்படியே நிறுத்திவிடத் தயங்கியிருக்கிறார்கள் என்பது மட்டும் எனக்குச் சுவையாகப் படுகிறது.

இவ்வளவு சொன்னபின் இந்தக் கருவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற இந்த ஸ்கேன் எண்ணத்தைப் படம் பிடிப்பதில்லை. வேலை செய்யும் நரம்பணுக்களுக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. அந்த மாற்றத்தைக் காந்தம் உணரும் என்று 1990-இல் செய்ஜி ஒகாவா காட்டினார். ரத்தம் வந்து சேர ஐந்தாறு விநாடி ஆகும். படத்தின் ஒரு புள்ளிக்குள் பல லட்சம் நரம்பணுக்கள் அடங்கியிருக்கும். ஒரு தெருவின் மின்சார மீட்டர் ஓடுகிற வேகத்தைப் பார்த்து, எந்த வீட்டில் என்ன சமையல் என்று சொல்ல முயல்வதைப் போன்றது இது.

2009-இல் கிரெய்க் பென்னட் என்பவரும் நண்பர்களும் ஒரு சால்மன் மீனைக் கருவிக்குள் வைத்தார்கள். மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று அதனிடம் கேட்டார்கள். மீன் செத்துப்போன மீன். ஆனாலும் அதன் மூளையில் சில புள்ளிகள் துலங்கின! பல்லாயிரம் புள்ளிகளைத் தனித்தனியே சோதிக்கும்போது தற்செயலாகச் சில தேறும். அதற்குரிய கணக்குத் திருத்தத்தைச் செய்ததும் மீன் அமைதியாகிவிட்டது. 2012-இல் அவர்களுக்கு, சிரிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு கிடைத்தது. 2011-இல் இன்னொரு கூத்து. கைப்பேசி ஒலிக்கும்போது இன்சுலா துலங்குகிறது, ஆகவே மக்கள் ஐபோனை உண்மையிலேயே காதலிக்கிறார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒருவர் கட்டுரை எழுதினார். ரஸ்ஸல் போல்டிராக் முதலாக நாற்பதுக்கும் மேற்பட்ட நரம்பியலாளர்கள் மறுப்பு எழுதினார்கள். மூளைப் பட ஆய்வுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் இன்சுலா துலங்குகிறது. வலியிலும் துலங்கும், அருவருப்பிலும் துலங்கும். நெருப்பிருந்தால் புகை வரும் என்பதால், புகை கண்ட இடமெல்லாம் சமையற்கட்டு ஆகிவிடாது. ஆகவே நாளைக்கு யாராவது 'காதலின் மையம் கண்டுபிடிப்பு' என்று எழுதினால் நம்பாதீர்கள். அப்படி ஒரு மையம் இல்லை. வேறு பல வேலைகளுக்காக உள்ள பகுதிகள் ஒரு மனிதரை முன்னிட்டுக் கூட்டாக இயங்குகின்றன.

நான் வி.டி.ஏ.-வை மட்டும் ஏன் இவ்வளவு நம்புகிறேன்? அது ஒரே ஆய்வில் நிற்கவில்லை. சீனாவில் புதுக் காதலர்களைப் பரிசோதித்து 2011-இல் வெளிவந்த ஆய்விலும் அதே இடம் வந்தது. எலியிலும் குரங்கிலும் அதே பாதையின் வேலை தனித்தனியாகத் தெரிந்திருக்கிறது. ஒரு சின்ன உயிரிடம் நடந்த நாற்பது ஆண்டு ஆய்வும் அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. அந்த உயிரின் கதைக்குப் போகலாம்.

வோல் என்பது எலிக்கு உறவான ஒரு சிறு பிராணி, உள்ளங்கைக்குள் அடங்கும். 1970-களில் லோவெல் கெட்ஸ் என்ற விலங்கியலாளர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துப் புல்வெளிகளில் பொறி வைத்து வோல்களைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தார். மற்ற இனங்கள் ஒவ்வொன்றாக மாட்டின. பிரெய்ரி வோல் மட்டும் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து மாட்டியது. விட்டுவிட்டு மறுபடி வைத்தால் அதே ஆண், அதே பெண். பாலூட்டி இனங்களில் இப்படிச் சோடியாக வாழ்பவை நூற்றுக்குப் பத்துகூட இல்லை. கெட்ஸ் இதைச் சூ கார்ட்டர் என்ற ஆய்வாளரிடம் சொன்னார். கார்ட்டர் அவற்றை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்.

சோதனை எளிமையானது. மூன்று அறைகள். ஒரு பக்க அறையில் துணையைக் கட்டிப்போடுவார்கள், மறு பக்கத்தில் புதியவரை. நடு அறையில் விடப்பட்ட வோல் மூன்று மணி நேரத்தில் யாரோடு ஒட்டிக்கொண்டு அதிக நேரம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். பிரெய்ரி வோல் துணையிடம் போய்ப் படுத்துக்கொள்ளும். அதன் பங்காளியான மலை வோலுக்கு அந்த அக்கறை இல்லை.

இரண்டின் மூளையிலும் என்ன வேறுபாடு? இங்கேதான் ஆக்ஸிடோசின் வருகிறது. பிரசவ அறையில் வலி வருவதற்கும், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்பதற்கும் கொடுக்கிற மருந்து. மாட்டுக்குப் பால் இறங்கப் போடுகிறார்கள் என்று செய்தித்தாளில் புகார் படித்திருப்பீர்களே, அதுவும் இதுதான். கருப்பையைச் சுருங்கவைக்கும் சாறு ஒன்று பிட்யூட்டரி சுரப்பியில் இருக்கிறது என்று 1906-இல் ஹென்றி டேல் கண்டார். ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த இந்தச் சரத்தை 1953-இல் ஆய்வகத்தில் செய்துகாட்டிய வின்சென்ட் டு விக்னோ 1955-இல் நோபல் பரிசு பெற்றார். அதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு, வாசோபிரெசின். ஒன்பதில் இரண்டு மட்டும் வேறு. இரண்டும் ஹைப்போதலாமஸில் தயாராகின்றன. உடம்புக்குள் போவது ஒரு வழி, மூளைக்குள்ளேயே அவிழ்த்துவிடப்படுவது இன்னொரு வழி.

1992-இல் தாமஸ் இன்செல் குழு காட்டியது இது. வேதிப்பொருள் இரண்டு வோல்களிலும் இருக்கிறது. அதை ஏற்றுக்கொள்ளும் ஏற்பிகள் எங்கே இருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. சோடியாக வாழும் பிரெய்ரி வோலில் ஆக்ஸிடோசின் ஏற்பிகள் நியூக்ளியஸ் அக்கம்பன்ஸில் நிறைந்திருக்கின்றன. அதாவது வி.டி.ஏ.-வின் டோபமின் போய்ச் சேர்கிற அதே இடத்தில். 2004-இல் லாரி யங் குழுவினர், பல பெண்களோடு திரியும் புல்வெளி வோல் என்ற இன்னோர் இனத்து ஆண்களின் மூளையில் வென்ட்ரல் பாலிடம் என்ற இடத்தில், வாசோபிரெசின் ஏற்பியின் மரபணுவை வைரஸ் மூலம் கூடுதலாகச் செலுத்தினார்கள். திரிந்துகொண்டிருந்த ஆண்கள் துணையைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டன. முன்வரிசையில் இரண்டு அம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். மன்னியுங்கள், மனிதர்களுக்கு அந்த ஊசி இல்லை.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. சோடி சேரும் தருணத்தில் அக்கம்பன்ஸில் டோபமினின் ஒரு வகை ஏற்பி பிணைப்பை வளர்க்கிறது. சேர்ந்து சில நாட்களுக்குப் பின் ஆண் வோலில் வேறொரு வகை ஏற்பி கூடுகிறது. அப்போது புதிய பெண் அருகில் வந்தால் விரட்டியடிக்கிறது. தவிப்பை உண்டாக்கிய அதே இடமே பிறகு காவலும் காக்கிறது. நான் பற்று என்று சொல்வது இதைத்தான். காதலுக்குப் பிறகு வரும் தனிச் சரக்கு என்று அதைப் பிரிக்க எனக்கு மனமில்லை. தவிப்பின் பாதை ஒரே ஒரு ஆளின் வாசனையையும் முகத்தையும் கற்றுக்கொண்டுவிட்டால் அதன் பெயர் பற்று.

ஆக்ஸிடோசின் கதை இதோடு முடிந்திருந்தால் விளம்பரக்காரர்களுக்கு வசதியாக இருந்திருக்கும். 2005-இல் ஜூரிச்சில் நடந்த ஆய்வு, மூக்கில் ஆக்ஸிடோசின் தெளித்தால் அந்நியரை நம்பிப் பணம் கொடுப்பது கூடுகிறது என்றது. 'காதல் ஹார்மோன்' தெளிப்பான்கள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. பின்னால் கூடுதல் ஆட்களோடு திரும்பச் செய்தபோது அந்த விளைவு நிற்கவில்லை. பிரசவ அறையில் சொட்டுச் சொட்டாக அதை ஏற்றிக்கொண்ட எந்தப் பெண்ணும் பக்கத்தில் நின்ற நர்ஸைக் காதலிக்கவில்லை என்பதை நாமும் யோசித்திருக்கலாம். ரத்தத்தில் ஏற்றினால் அது மூளைக்குள் எளிதில் நுழையாது.

வோல்களிலேயே பெரிய அதிர்ச்சி 2023-இல் வந்தது. கலிஃபோர்னியாவில் தேவானந்த் மனோலியும் நிராவ் ஷாவும் நடத்திய ஆய்வு. மரபணுவைத் திருத்தி, ஆக்ஸிடோசின் ஏற்பியே பிறவியிலிருந்து இல்லாத பிரெய்ரி வோல்களை உண்டாக்கினார்கள். அவை சோடி சேராது என்பதுதான் எல்லோருடைய எதிர்பார்ப்பும். சேர்ந்தன. புதியவரை ஒதுக்கின. பெண்கள் குட்டி போட்டுப் பாலும் கொடுத்தன, பிழைத்த குட்டிகள் குறைவு என்றாலும். அப்படியானால் முப்பது ஆண்டு ஆய்வு பொய்யா? இல்லை. வளர்ந்த வோலில் அந்த ஏற்பியைத் திடீரென்று அடைத்தால் பிணைப்பு கெடுகிறது. பிறவியிலேயே இல்லாவிட்டால் மூளை வேறு வழி போட்டுக்கொள்கிறது. சந்ததி தழைப்பதற்கு இவ்வளவு முக்கியமான வேலையை உயிரியல் ஒரே பூட்டு, ஒரே சாவி என்று விட்டுவைக்கவில்லை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு இதுதான், ஒரு 'காதல் மூலக்கூறு' என்ற பேச்சை ஓயவைத்ததற்காக.

மனிதர்களின் நீண்ட காலப் பற்றுக்கு வருவோம். 2012-இல் பியான்கா அசெவெடோ, ஆரன், ஃபிஷர், பிரவுன் நால்வரும் சராசரியாக 21 ஆண்டுகள் மணவாழ்க்கை நடத்திய 17 பேரைப் பரிசோதித்தார்கள். இவர்கள் தங்கள் துணை மீது இன்னமும் தீராத காதல் என்று சொன்னவர்கள். அப்படிப் பதினேழு பேரைத் தேடிப்பிடித்ததே ஒரு சாதனை என்று யாரோ முணுமுணுக்கிறீர்கள். துணையின் படத்தைக் கண்டபோது இவர்களிடமும் வி.டி.ஏ. துலங்கியது, புதுக் காதலர்களைப் போலவே. கூடவே வோல் ஆய்வுகளில் பற்றோடு தொடர்புபட்ட பாலிடம் பகுதியும். முதல் காய்ச்சல் தணிந்தால் எல்லாம் போயிற்று என்பது கட்டாய விதி இல்லை.

ஜேம்ஸ் கோன் என்ற ஆய்வாளர் 2006-இல் வெளியிட்ட ஆய்வை எல்லாத் தம்பதிகளும் தெரிந்துகொள்ள வேண்டும். மணமான 16 பெண்களைக் கருவிக்குள் படுக்கவைத்து, கணுக்காலில் லேசான மின்னதிர்ச்சி வரப்போகிறது என்று எச்சரித்தார். தனியாக இருந்தபோது அச்சத்துக்கு எதிர்வினை காட்டும் பகுதிகள் பலவும் இயங்கின. அந்நியர் ஒருவர் கையைப் பிடித்தபோது கொஞ்சம் தணிந்தன. கணவர் பிடித்தபோது நன்றாகத் தணிந்தன. எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. உறவு நன்றாக இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தவர்களுக்கு ஹைப்போதலாமஸ் வரை தணிந்தது. கையைப் பிடிக்கும் உரிமை தாலியால் வரலாம். பயம் தணிவது இருபது ஆண்டு நடத்தையால் வருகிறது.

தாய்ப்பாசம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பார்ட்டெல்சும் ஸெகியும் 2004-இல் தாய்மார்களுக்குத் தங்கள் குழந்தையின் படத்தைக் காட்டிப் பார்த்தார்கள். காதலில் துலங்கிய பகுதிகள் பெரிதும் இங்கேயும் துலங்கின. எடைபோடும் பகுதிகள் இங்கேயும் தளர்ந்தன. ஹைப்போதலாமஸ் மட்டும் காதலில் துலங்கியது, தாய்மையில் துலங்கவில்லை. 2024-இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகம் 55 பெற்றோர்களிடம் ஆறு வகை அன்பை ஒப்பிட்டது: பிள்ளை, துணை, நண்பர், அந்நியர், செல்லப்பிராணி, இயற்கை. பிள்ளைப் பாசம்தான் மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாகத் துலங்கியது. பெற்றோர்களே, மகனோ மகளோ கண்மூடித்தனமாக யாரையோ நம்புகிறார்கள் என்று நீங்கள் கோபப்படும்போது, அவர்கள் விஷயத்தில் உங்கள் மூளையும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

கடைசியாக, இந்தப் பேச்சை நான் ஒப்புக்கொண்டதற்கான காரணத்துக்கு வருகிறேன். 2010-இல் ஃபிஷர் குழு, காதலரால் கைவிடப்பட்டு இன்னும் மீளாத 15 பேரைப் பரிசோதித்தது. கைவிட்டவரின் படத்தைக் கண்டபோது வி.டி.ஏ. துலங்கியது. அக்கம்பன்ஸ் துலங்கியது. கோகெய்ன் போதைக்கு ஏங்குகிறவர்களிடம் துலங்கும் பகுதிகளோடு இவை ஒத்துப்போயின. ஆள் போய்விட்டார், தவிப்பு போகவில்லை. மேரி ஃபிரான்சிஸ் ஓ'கானர் என்ற ஆய்வாளர் 2008-இல் தாயையோ சகோதரியையோ மார்பகப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பெண்களை ஆராய்ந்தபோது, துக்கத்திலிருந்து மீள முடியாமல் தேங்கிப்போனவர்களிடம் அதே அக்கம்பன்ஸ் இறந்தவரின் படத்துக்குத் துலங்கக் கண்டார். இந்தப் பாதை ஓர் ஆளைக் கற்றுக்கொண்டால், மறக்க நாள் பிடிக்கும்.

அதே 2010 ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கைவிடப்பட்டவர்களின் நெற்றி மடலில், உணர்வை அடக்கி நடத்தையைத் திருத்துகிற பகுதிகளும் கூடவே துலங்கின. உந்துதலோடு அதைப் பிடித்து நிறுத்தும் முயற்சியும் அங்கேயே நடக்கிறது. நம் ஊரில் ஒருதலைக் காதல் என்ற பேரில் பெண்ணைப் பின்தொடர்வதும், மறுத்தால் அமிலத்தையும் கத்தியையும் எடுப்பதும் நடக்கும்போதெல்லாம், 'காதல் அவனைக் கண்மூடவைத்துவிட்டது' என்று ஒரு பரிதாபப் பேச்சு கிளம்புகிறது. நம் திரைப்படங்கள் அதற்குப் பாட்டும் போட்டுத் தந்திருக்கின்றன. அறிவியல் அந்தப் பரிதாபத்துக்குத் துணைநிற்கவில்லை. தாகம் எடுப்பது உண்மை என்பதால் அடுத்தவர் வீட்டுக் கதவை உடைக்க உரிமை வந்துவிடாது. வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் பேச்சு அங்கே முடிந்தது.

தவிப்பவரைக் கேலி செய்வதும் அதே அளவு தப்பு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் தற்கொலை அறிக்கையில் 'காதல் விவகாரம்' என்று தனித் தலைப்பே இருக்கிறது. ஒரு பிள்ளை காதல் முறிந்து சாப்பிடாமல் கிடந்தால், "இதுக்குப் போய் இப்படியா, வேற பொண்ணே கிடைக்காதா" என்று சொல்லாதீர்கள். பட்டினி கிடப்பவனிடம் பசி என்பது மனப்பிரமை என்று சொல்வோமா? சில வாரங்களுக்குத் தனியாக விடாதீர்கள். பழைய படங்களையும் செய்திகளையும் தானே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால், கைப்பேசியைப் பிடுங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். வெயிலில் கூட்டிக்கொண்டு நடங்கள். தூக்கமும் சாப்பாடும் ரொம்ப நாள் கெட்டுப்போனாலோ, உயிர் வேண்டாம் என்ற பேச்சு வந்தாலோ, மருத்துவரிடம் அழைத்துப்போகத் தயங்காதீர்கள். 14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண். கட்டணம் இல்லை, நாள் முழுவதும் பேசலாம், தமிழிலும் பேசலாம். பின்வரிசைப் பிள்ளைகள் இப்போதே அதைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் அறைத்தோழருக்குத் தேவைப்படலாம்.

கேள்விகளுக்கு இருபது நிமிடம் இருக்கிறது. கேளுங்கள்.